எதை மெஷினில் போடலாம், எதை யார் கழுவுவது?



எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்த படத்தை மகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் போட்டாள், தினமும் இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறீர்கள். "சார், குக்கரை உள்ளே வைக்கலாமா?" "மாமா, நான்ஸ்டிக் தாங்குமா?" "பெரியப்பா, நம்ம சமையலுக்கு அதெல்லாம் சரிப்படுமா?" தனித்தனியாகப் பதில் அடித்து விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். 34 வருடம் 45 நிமிடப் பீரியடில் பேசிப் பழகிய வாய். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதியில் பாத்திரக் கணக்கு இருக்கிறது. அவசரமாக இருப்பவர்கள் அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இரண்டாம் பாதிக்காக. முடிந்தால் அதையும் படியுங்கள்.

மெஷின் ஏன் வந்தது என்று முதலில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் 19 வருடம் பாத்திரம் தேய்த்துக் கொடுத்த அம்மா, போன வருடம் மகனோடு திருப்பூர் போய்விட்டார். பதிலுக்கு ஆள் தேடினோம், அமையவில்லை. அன்றிலிருந்து பத்துப்பாத்திரம் எல்லாம் வீட்டில் அம்மாவின் தலையில். (நீங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஆறு மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சாம்பார் பொடி பட்டால் துள்ளுவார். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "மருந்து பாதிதான்மா. சோப்புத் தண்ணியில கை ஊறுறதைக் குறைச்சாத்தான் ஆறும்" என்றார். மகள் கோயம்புத்தூரிலிருந்து மெஷினை அனுப்பிவைத்துவிட்டாள். "அப்பா, அம்மா கைக்கு வாங்கியிருக்கேன். உங்க காபி டம்ளருக்கு இல்ல" என்று போனிலேயே ஒரு குட்டும் வைத்தாள்.

மெஷின் வந்த மூன்றாம் நாள் நான் ஒரு தப்பு செய்தேன். ப்ளஸ் டூவில் என்னிடம் படித்தவர்கள் இப்போது தாராளமாகச் சிரிக்கலாம். அலுமினிய இட்லித் தட்டுகள் நான்கையும் அழகாக அடுக்கி, பெரிய வாஷ் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் திறந்தால் தட்டுகள் சாம்பலும் கறுப்புமாக இருந்தன. விரலால் தடவினால் கையில் கரி ஒட்டியது.

அலுமினியம் ஈரியல்பு உலோகம், அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். சோதனைக் குழாயில் அலுமினியத் துண்டைப் போட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி, வரும் ஹைட்ரஜனைத் தீக்குச்சி வைத்து 'டப்' என்று வெடிக்கவைத்துக் காட்டியிருக்கிறேன். பின்வரிசைப் பையன்கள் அதற்காகவே விழித்திருப்பார்கள். அந்த வாத்தியாருக்குத்தான் இட்லித் தட்டு பாடம் எடுத்தது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

டிஷ்வாஷர் தேய்ப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். உள்ளே நாரும் கிடையாது, கையும் கிடையாது. சூடான தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இரண்டு கைகள் சுற்றும். அந்தத் தண்ணீரில் காரம் கரைந்திருக்கும். கூடவே நொதிகள். மாவுச்சத்தை உடைக்க ஒன்று, புரதத்தை உடைக்க ஒன்று. நாம் 2 நிமிடத்தில் அழுத்தித் தேய்ப்பதை அது 2 மணி நேரம் ஊறவைத்து, சூடுபடுத்தி, கரைத்து எடுக்கிறது. வாஷைப் பொறுத்து 50 முதல் 70 டிகிரி வரை சூடு போகும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார்கள் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். மெஷினில் போடும் மாத்திரையில் பெரும்பங்கு சோடியம் கார்பனேட். இரண்டும் காரம். இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து எடுக்கும். பாட்டி கையால் கொடுத்த அழுத்தத்துக்குப் பதில் மெஷின் சூட்டையும் நேரத்தையும் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு பாத்திரத்தை உள்ளே வைக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இது சூட்டைத் தாங்குமா? காரத்தைத் தாங்குமா? 2 மணி நேரம் நனைந்து கிடந்தால் தாங்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் போடலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் போடக்கூடாது. விலை அதிகமா குறைவா, பெரியதா சிறியதா என்பதெல்லாம் அப்புறம்.

எவர்சில்வர் மூன்றுக்கும் ஆம் சொல்லும். நம் வீடுகளில் முக்கால்வாசி அதுதான், அதனால்தான் இந்த மெஷின் நமக்கும் ஒத்துவருகிறது. இரும்போடு சேர்த்த குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் போட்டுக் காக்கிறது. தட்டு, டம்ளர், டபரா, சாம்பார் பாத்திரம், கரண்டி, டீ வடிகட்டி, டிபன் பாக்ஸ் எல்லாம் போகும். டிபன் பாக்ஸ் மூடியில் ரப்பர் இருந்தால் கழற்றிவிடுங்கள். விலை குறைந்த ஸ்டீலில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள். அதில் துருப்புள்ளி வரலாம். ஊறுகாய் உப்பு ஒட்டிய கரண்டியை உள்ளே வைத்து இரண்டு நாள் மறந்துவிடாதீர்கள். உப்பிலுள்ள குளோரைடு நல்ல ஸ்டீலிலும் புள்ளி குத்தும்.

கண்ணாடியும் பீங்கானும் போகும். தங்க விளிம்பு போட்டதும், மேலே பூப்படம் ஒட்டியதும் போனால் நாளடைவில் மங்கும். கல்யாணத்துக்கு வந்த பரிசு செட் என்றால் வெளியே இருக்கட்டும்.

பிளாஸ்டிக்கை மேல்தட்டில் வையுங்கள். பல மெஷின்களில் சூடேற்றும் பகுதி கீழே இருக்கிறது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பெரும்பாலும் தாங்கும். மெலிசான தண்ணீர் பாட்டில் சுருங்கிவிடும். மஞ்சள் கறை மட்டும் எந்த மெஷினிலும் முழுதாகப் போகாது. அதை வெயிலில் காயவையுங்கள், வெளுக்கும்.

அலுமினியத்தின் கதை மேலே சொல்லிவிட்டேன். கறுப்பாக வரும் ஹார்டு அனோடைஸ்டு பாத்திரமும் அதே குடும்பம்தான். மேலே இருப்பது தடிப்பான அலுமினியம் ஆக்சைடு. அதையும் காரம் அரிக்கும். நான்ஸ்டிக்கில் பெரும்பாலானவற்றின் உடம்பு அலுமினியம். மேல்பூச்சு தாங்கினாலும் பூச்சு இல்லாத அடிப்பக்கம் கறுக்கும். டப்பாவோடு வந்த தாளில் போடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள்.

இரும்புத் தோசைக்கல், இரும்பு வாணலி இரண்டும் கூடவே கூடாது. வருடக்கணக்காக எண்ணெய் தடவித் தடவிப் பழக்கிய கல்லின் மேல், எண்ணெய் சூட்டில் பல்லுறுப்பாகி ஒரு கறுப்புப் படலமாகப் படிந்திருக்கும். தோசை ஒட்டாமல் வருவது அந்தப் படலத்தால்தான். மெஷினின் காரம் அதை உரித்துவிடும். அடுத்த அரை மணியில் துரு பிடிக்கும். மறுபடி கல்லைப் பழக்க வேண்டும்.

மண்சட்டி நுண்துளைகள் வழியாகச் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மீன் குழம்பில் அதை நீங்கள் சாப்பிடுவீர்கள். கல்சட்டிக்கும் இதே பதில். மரக்கரண்டி, பூரிக்கட்டை, காய் நறுக்கும் பலகை ஊறி உப்பி, காய்ந்து வெடிக்கும். பித்தளை, செம்பு, வெள்ளி நிறம் மாறும். அவற்றுக்குப் புளியும் விபூதியும் இருக்கவே இருக்கின்றன.

நல்ல கத்தி முனை மழுங்கும். ("சார், அரிவாள்மணை?" என்று கேட்ட 1998 பேட்ச் மாணவனுக்கு: உனக்கு இன்னும் குறும்பு போகவில்லை.)

மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடைத் தாங்கும் பகுதியும் ரப்பரும் இருப்பதால் கையால் கழுவுவதே நல்லது. ஸ்டீல் குக்கரின் உடம்பைப் போடலாம். மூடி வேண்டாம். வெயிட் உட்காரும் துளையில் ஒரு பருக்கை அடைத்தாலும் ஆபத்து. மூடியைக் கையால் கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பாருங்கள். மெஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

கடைசியாக ஈயச் சொம்பு. கும்பகோணத்திலிருந்து சீராக வந்தது, ரசம் வைக்க. வெள்ளீயமும் அலுமினியம் போல ஈரியல்பு உலோகம்தான். போதாததற்கு மென்மையானது. மெஷினில் ஒரு கரண்டி மோதினாலே நெளியும். உள்ளே போகவே கூடாது.

இன்னும் இரண்டு விஷயம். போர் தண்ணீர் இருக்கும் வீடுகளில் மெஷினில் உப்பு போடச் சொல்வார்கள். அது பாத்திரத்துக்குப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின் கடினநீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிசின் களைத்துப்போகும்போது உப்புநீர் அதைப் புதுப்பிக்கும். பதினோராம் வகுப்பில் கடினநீர்ப் பாடத்தில் படித்ததுதான். அந்தத் தொட்டியில் சமையல் உப்பைக் கொட்டாதீர்கள். அதற்கென்று விற்கும் கல் உப்பைப் போடுங்கள்.

இன்னொன்று, பாத்திரத்தைக் குழாயில் அலசிவிட்டு உள்ளே வைக்க வேண்டாம். பருக்கை, கறிவேப்பிலை, எலும்பை வழித்துப் போட்டால் போதும். அலசி வைத்தால் இரண்டு தடவை கழுவின மாதிரி. கை மறுபடியும் தண்ணீரில்தான் ஊறும்.

பாத்திரக் கணக்கு முடிந்தது. இனி நான் சொல்ல வந்தது.

இட்லித் தட்டு கறுத்த அன்றே நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'போடலாம்', வலப்பக்கம் 'போடக்கூடாது' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கூடாது என்பதைச் சிவப்பு மையில் எழுதினேன். காரணமும் பக்கத்திலேயே. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மகள் படம் எடுத்து அவள் தோழிகளுக்கு அனுப்பினாள். எனக்கும் பெருமைதான். ரிட்டயர் ஆகி இத்தனை வருடம் கழித்து ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கப் போனால் அம்மா தொட்டிமுன் நின்று கழுவிக்கொண்டிருக்கிறார். தோசைக்கல், வாணலி, மண்சட்டி, ஈயச் சொம்பு, இட்லிப் பானை, குக்கர் மூடி, மிக்ஸி ஜார் இரண்டு, மரக்கரண்டி, கத்தி. எண்ணிப் பார்த்தேன், பத்து. எல்லாம் என் சிவப்பு மைப் பட்டியல்.

"இவ்வளவா?" என்றேன்.

அவர் திரும்பாமலே கேட்டார்: "ஏங்க, இந்த லிஸ்ட்ல என் கையை எந்தப் பக்கம் எழுதியிருக்கீங்க?"

என்னிடம் பதில் இல்லை. சூட்டைத் தாங்குமா, காரத்தைத் தாங்குமா, நனைந்து கிடந்தால் தாங்குமா என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கேள்வி கேட்டவன், கைக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூன்றுக்கும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். டாக்டரே சொல்லிவிட்டாரே! மகள் வாங்கி அனுப்பியதே அதற்காகத்தானே! பாத்திரத்தைக் காப்பாற்ற ஒரு சார்ட் போட்ட நான், அந்தச் சார்ட் ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலையை யாரோ ஒருவர் கையில் வைக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. 'மெஷினில் போடக்கூடாது' என்று எழுதினால், 'நீ கழுவு' என்று எழுதியதாகத்தான் அர்த்தம். யாரிடம் என்று மட்டும் எழுதுவதில்லை.

இந்த மெஷினின் கதையும் அப்படித்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் ஜோசஃபின் காக்ரேன் என்ற வசதியான பெண்மணி இருந்தார். வேலைக்காரர்கள் கழுவும்போது தன் பரம்பரைப் பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைகிறதே என்ற வருத்தத்தில்தான் அவர் இதை யோசிக்க ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். கணவர் இறந்து கடன் சேர்ந்த பிறகு அதையே தொழிலாக்கினார். 1886-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த மெஷின் ஓடியது. முதலில் வாங்கியவை ஓட்டல்கள்தான். துணிந்த பெண்மணி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாருங்கள், தொடக்கமே தட்டு உடையக்கூடாது என்பதுதான். நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் ஒட்டிய சார்ட்டும் அதே கவலையோடுதான் இருந்தது.

அன்று ராத்திரி எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. திருப்பூர் போன அந்த அம்மா ஒருநாள் ரேஷன் கடையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கடையில் மெஷினில் விரலை எத்தனை தடவை வைத்தும் ரேகை விழவில்லையாம். "வாத்தியாரய்யா, உங்க வீட்டுப் பாத்திரத்துல தேஞ்சிருச்சு என் ரேகை" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். அப்போது நான் அவர் கையைப் பார்க்கக்கூட இல்லை. 19 வருடம் அந்தக் கை எங்கள் தட்டைக் கழுவியிருக்கிறது. அதே வெடிப்பு வீட்டில் அம்மா கையில் வந்த பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் பல பேருடைய அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் படிக்கவைத்தவர். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் சார்ட்டைக் கழற்றினேன். அம்மாவும் நானும் உட்கார்ந்து வேறு விதமாகப் பிரித்தோம். இந்தத் தடவை 'கூடாது' பட்டியலை மூன்றாக்கினோம்.

முதல் பிரிவு, மாற்றிக்கொள்ளக்கூடியவை. அலுமினிய இட்லிப் பானைக்குப் பதில் ஸ்டீல் இட்லிப் பானை. அலுமினியக் குக்கருக்குப் பதில் ஸ்டீல் குக்கர். தினசரிப் பொரியலுக்கு அடி கனமான ஸ்டீல் வாணலி. மரக்கரண்டி மூன்றில் இரண்டுக்கு ஓய்வு. தினமும் புழங்குவது மெஷினுக்குப் போவதாக இருக்க வேண்டும், இதுதான் விதி. மெஷின் வாங்குகிறவர்கள் மெஷின் விலையோடு இந்தப் பாத்திரச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதைச் செய்யாமல் மெஷினை மட்டும் வாங்கினால், பாதிப் பாத்திரம் தொட்டியிலேயே கிடக்கும்.

இரண்டாம் பிரிவு, எப்போதாவது எடுப்பவை. மண்சட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும். பித்தளை பண்டிகைக்கு.

மூன்றாம் பிரிவுதான் முக்கியம். மாற்றவும் முடியாது, விடவும் மனம் வராது. எங்கள் வீட்டில் அது இரண்டு சாமான். தோசைக்கல், ஈயச் சொம்பு. ஸ்டீல் பாத்திரத்தில் ரசம் வைத்தால் எனக்கு இறங்காது. நான்ஸ்டிக்கில் தோசை ஊற்றினால் முறுகல் வரவில்லை என்று முகம் சுளிப்பேன். அம்மா கேட்டார்: "யாருக்கு வேணும்னு இது இருக்கு? எனக்கு எதுல வச்சாலும் ரசம்தான்."

ஆகவே அந்த இரண்டையும் நான் கழுவுகிறேன்.

இதில் தியாகம் ஒன்றும் இல்லை. நியாயம் அவ்வளவுதான். 'அதை மெஷினில் போடாதே' என்று சொல்பவர் எவரோ, அவரே அதைக் கழுவட்டும். இந்த ஒரு விதியை வீட்டில் வைத்துப் பாருங்கள், பட்டியல் தானாகச் சுருங்கும். முன்பு என் சிவப்பு மையில் 22 சாமான் இருந்தன. கழுவுவது நான் என்று ஆனதும், மிக்ஸி ஜாரும் குக்கர் மூடியும் சேர்த்து ஆறுக்கு வந்துவிட்டது. அவற்றில் மூன்று என் பங்கு. மூன்றாவது குக்கர் மூடி. துளை பார்க்கும் வேலையும் என்னுடையதே.

சிலர் கேட்பீர்கள். ஒன்று, "இந்த மெஷின் வந்தால் வீட்டு வேலை செய்யும் பெண்களின் பிழைப்பு என்ன ஆகும்?" நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் ஆள் கிடைக்காமல்தான் மெஷின் வந்தது, அதனால் நான் தப்பித்தேன் என்று சொல்லிவிடலாம். அது சரியான பதில் இல்லை. உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், மெஷின் வாங்கியதும் அவரை நிறுத்தாதீர்கள். சம்பளத்தையும் குறைக்காதீர்கள். தண்ணீரில் கை ஊறும் வேலையை மெஷின் எடுத்துக்கொள்ளட்டும். அவர் வேறு வேலை பார்க்கட்டும், அல்லது அரை மணி முன்னால் வீட்டுக்குப் போகட்டும். அந்தக் கைக்கும் தோல்தானே!

இரண்டு, "தண்ணீர்?" அளந்தே பார்த்துவிட்டேன். எங்கள் சமையலறைக் குழாயின் கீழ் வாளி வைத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர். அம்மா அன்று ராத்திரி பத்துப் பாத்திரம் கழுவியது சுமார் 20 நிமிடம். குழாய் பாதி நேரம் திறந்திருந்தது என்றாலும் 60 லிட்டர். இப்போதைய மெஷின்கள் ஒரு வாஷுக்கு 10 முதல் 15 லிட்டர்தான் எடுக்கும். ஆனால் நிறைத்துவிட்டு ஓட்ட வேண்டும். நாலு டம்ளருக்கு ஓட்டினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கரண்ட் செலவு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்று, "கையால் தேய்ச்சாத்தான் எனக்குத் திருப்தி." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அக்கா, தங்கச்சி, சித்தி எல்லோருக்கும் சொல்கிறேன்: உங்கள் திருப்தியில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தத் திருப்தியை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒரு தடவை யோசியுங்கள். ஆண்களில் எவரும் இதுவரை என்னிடம் இப்படிச் சொன்னதில்லை.

மெஷின் இல்லாத வீடுகளுக்கும் இது பொருந்தும். பாத்திரம் தேய்க்கும் மெஷின் வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது, இடமும் கிடையாது. ஆனால் ராத்திரி தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களை எண்ணி, இதில் எனக்காக அழுக்கானது எத்தனை என்று கேட்க மெஷின் தேவையில்லை.

அம்மாவின் கை இப்போது பரவாயில்லை. முழுதாக ஆறவில்லை, ஆனால் சாம்பார் பொடி எடுக்கும்போது துள்ளுவதில்லை. மகளுக்கு வீடியோ காலில் விரல்களை விரித்துக் காட்டினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் ராத்திரி ஒன்பது மணிக்கு ஈயச் சொம்பைக் கழுவுகிறேன். கம்பி நார் போடக்கூடாது, மெல்லிய துணி. அழுத்தினால் நெளியும். முதல் வாரம் விளிம்பில் ஒரு நெளிசல் போட்டுவிட்டேன். அவர் அம்மா வீட்டுச் சீர். பார்த்துவிட்டு, "போகட்டும், ரசம் ஒழுகாது" என்றார்.

உங்கள் வீட்டுப் பட்டியலில் எத்தனை இருக்கின்றன, யார் கழுவுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். மாணவிகள் எழுதுவீர்கள் என்று தெரியும். இந்தத் தடவை மாணவர்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் வாத்தியார்